சிந்தாதிரிப்பேட்டையில் பிள்ளைகள் இருக்கிறார்கள்

சென்னையின் அரசுப் பள்ளிகளில் எதை வைத்திருப்பது, எதை எதோடு இணைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

மே மாதம் இரண்டாவது வாரத்தில் எங்கள் தெருப் பள்ளியின் இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் ஜூன் மாதத்திலிருந்து அண்ணா சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு பள்ளியோடு இணைக்கப்படும், மாணவர் எண்ணிக்கை போதுமானதாக இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஆறே வரிதான். பள்ளிக்கு எதிரே கடை வைத்திருப்பதால் அதை முதலில் படித்தவள் நான். சாயங்காலத்துக்குள் ஐம்பது அறுபது பேர் கடைக்கு வந்து, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் வந்து கேட்டார்கள். தாங்கள் படித்ததை நம்ப முடியாமல் கேட்டார்கள்.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. மனுவும் டைப் செய்து தருவேன். ரேஷன் அட்டை, முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், குடிநீர் இணைப்பு என்று பதினான்கு வருடமாக இந்தப் பேட்டைக்காரர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து வருகிறேன். இது நான் எனக்காக எழுதுவது. அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். என் மகள் அங்கே ஆறாவது முடித்து ஏழாவதுக்குப் போகிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பள்ளி வளர்ச்சிக்கான திட்டத்தை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஏப்ரல் மாதம் நாங்கள் கூடினோம். உடைந்த கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, கணக்கு டீச்சர் இல்லாதது எல்லாம் பேசினோம். இணைப்பு பற்றி ஒரு பேச்சும் இல்லை. தலைமை ஆசிரியருக்கே தெரியாது என்றுதான் நம்புகிறேன். அந்தத் தாளைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எண்ணிக்கை போதவில்லை என்ற அந்த ஒரு வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மை. எப்படிக் குறைந்தது என்று தாளில் இல்லை.

சிந்தாதிரிப்பேட்டை சின்ன இடம். மூன்று பக்கம் கூவம் வளைந்து ஓடுகிறது, மிச்சமுள்ள பக்கம் அண்ணா சாலை. 1734இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே உண்டான பேட்டை. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. தறி போய்விட்டது, மீன் மார்க்கெட் இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் புதுப்பேட்டையின் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், மீன் ஆய்ந்து கொடுக்கிறவர்கள், பழைய இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர்கள், அண்ணா சாலை அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், இவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் பள்ளியின் பிள்ளைகள். ஆற்றங்கரையில் குடிசை போட்டு இவர்கள் இருந்தது ஆசைப்பட்டு அல்ல. வேலைக்கு நடந்து போகலாம், பிள்ளை கூப்பிடு தூரத்தில் படிக்கும் என்பதற்காகத்தான்.

அந்தக் கரைகளை அரசு காலி செய்தது. கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்துக்காக அதன் கரைகளிலிருந்து 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றுவதாக முடிவானது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கரை. எங்களுக்குப் பக்கத்தில், தீவுத்திடலை ஒட்டியிருந்த சத்தியவாணி முத்து நகரை 2019 டிசம்பர் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். 2020 ஜனவரியிலும் இடிப்பு நடந்தது. குடும்பங்களைச் சாமான்களோடு வண்டியில் ஏற்றி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளில் கொண்டுபோய் விட்டார்கள். படிப்பு நடந்துகொண்டிருக்கும் நடுவருடம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆற்றைச் சுத்தம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அதன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும்வரை மூன்று மாதம் பொறுத்திருக்கலாமே என்றுதான் அன்றும் கேட்டோம், இன்றும் கேட்கிறேன்.

அந்த ஜனவரியில் என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். டிசியை ஜெராக்ஸ் எடுக்க வரிசையில் நின்றார்கள். மெஷின் சூடாகி இரண்டு முறை நின்றுபோனது. ஒரு தகப்பனார் மூன்று பிள்ளைகளின் டிசியையும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, மழையிலிருந்து காப்பாற்றுவது மாதிரி சட்டைக்குள் வைத்திருந்தார். ஆறாவது படித்த ஒரு பெண் பாடப் புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டிக் கடை வாசலில் வைத்துவிட்டு, “அக்கா, அங்க போனாலும் இதே புக்குதானே?” என்று கேட்டாள். இதே புத்தகம்தான் என்று சொன்னேன். அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் புதுப் பள்ளியில் இடம் பிடித்து உட்கார்வதற்குள் மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஜனவரியில் வீடு போனது, மார்ச்சில் பள்ளி போனது, இருபது மாதம் கழித்துத் திறந்தபோது சில பிள்ளைகள் எந்தப் பள்ளியின் பெயர்ப் பட்டியலிலும் இல்லை. எங்கள் பள்ளி டிசி கொடுத்துவிட்டது. அங்கே யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அல்லது சேர்க்க ஆள் போகவில்லை. புத்தகத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு போன பெண்ணை இரண்டு வருடம் கழித்து ரிச்சி தெருவில் பார்த்தேன். ஒரு கடையில் செல்போன் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டாவது படித்துக்கொண்டிருக்க வேண்டிய வயது.

ஆக, எங்கள் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகவில்லை. அவர்கள் வீட்டை எடுத்தீர்கள். இப்போது காலி பெஞ்சை எண்ணிப் பார்த்து, பிள்ளைகள் இல்லை என்கிறீர்கள். வீட்டை எடுத்தது வேறு துறை, நாங்கள் பள்ளியைப் பார்ப்பவர்கள் என்று சொல்வீர்கள். இருக்கலாம். எங்களுக்கு இரண்டுமே அரசுதான். ஒரு கை எடுத்ததைக் காரணம் காட்டி இன்னொரு கை மிச்சத்தையும் எடுப்பதை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

இதில் எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. கையில் கொஞ்சம் காசு வந்ததும் இங்கிலீஷ் மீடியம் என்று தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிய பெற்றோர் எங்களிலும் உண்டு. அவர்களோடு நான் தெருவில் நின்று வாதாடியிருக்கிறேன். கணக்கு டீச்சர் இல்லாத பள்ளியில் எப்படி விடச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாது.

சரி, மிச்சம் யார் இருக்கிறார்கள்? உங்கள் ஏட்டில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? முகவரி மாறியதை எழுதினால் பள்ளியை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயந்து பழைய முகவரியையே வைத்திருப்பவர்கள் உண்டு. வீடு அங்கே போனாலும் வேலை இங்கேதான் இருக்கிறது.

மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். சத்தியவாணி முத்து நகரிலிருந்து போனவர். விடியுமுன் எழுந்து பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை. ஆறு மணிக்கு அருவாமனை முன்னால் உட்கார்ந்தால்தான் காலை வியாபாரம் கிடைக்கும். கணவர் இல்லை. எட்டாம் மாடி வீட்டில் பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது என்று இரண்டு பேரையும் கூடவே கூட்டிவருகிறார். பெரியவன் ஆறாவது முடித்திருக்கிறான், சின்னவள் மூன்றாவது முடித்திருக்கிறாள். ரயிலில் தங்கச்சி அண்ணன் மடியில் தூங்கிக்கொண்டு வருவாள். மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் உட்கார முடியாது. அதனால் நான் ஏழு மணிக்குக் கடையைத் திறக்கும்போது இரண்டு பேரும் என் கடைப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக் கதவு திறந்ததும் அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து உள்ளே விடுவான்.

காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். தங்கச்சிக்கு உண்டு, அண்ணனுக்கு இல்லை. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டவன் மதியச் சத்துணவு வரை காத்திருப்பான். ஒரு புதன்கிழமை அவள் தட்டிலிருந்து பொங்கலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துவந்து அவனிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். பரிமாறுகிற அம்மாவும் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. இதை எழுதுவதால் அந்த அம்மாவுக்கு யாரும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பிவிடாதீர்கள். அவர் செய்ததைத்தான் திட்டமே செய்ய வேண்டும் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது இந்தக் குடும்பத்தை உங்கள் ஆறு வரித் தாளில் வைத்துப் பாருங்கள். அண்ணன் ஏழாவது. அவன் அண்ணா சாலையைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். தங்கச்சி நாலாவது. அவள் இங்கேயே இருப்பாள். காலையில் அவளை யார் உள்ளே விடுவது? சாயங்காலம் யார் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது? அம்மாவின் கை மதியம் வரை மீனில் இருக்கிறது, அதற்கப்புறம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ரெண்டு பேரையும் நிறுத்திடட்டுமா, ஒருத்தனை மட்டும் நிறுத்தட்டுமா?” அதற்கு என்ன மனு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் புதிதாக வந்த பிள்ளைகள். ரிச்சி தெருக் கட்டடங்களில் இரவுக் காவல் பார்க்கும் நேபாளத்துக்காரர்கள், ஓட்டல்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாக்காரர்கள் பலர் இப்போது குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, கிடங்குக்குப் பின்னால் என்று கிடைத்த இடத்தில் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு பையனைச் சேர்க்கப் போனபோது ஊரிலிருந்து டிசி கொண்டுவா, மாணவர் பதிவுக்கான எமிஸ் எண் வேண்டும் என்று அலையவிட்டார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, டிசி தாமதமாவதையும் காரணம் காட்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதை எடுத்துக்காட்டி நான் ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தேன். ஜூலையில் கேட்டவனுக்கு அக்டோபரில் இடம் கிடைத்தது. இன்று அவன் தமிழில் பேசுகிறான், எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், அவன் அம்மா கடைக்கு வந்தால் அவனே மொழிபெயர்க்கிறான். அவனைப் போல இன்னும் எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகளை, கடையைச் சுற்றியுள்ள நாலு தெருவில் மட்டும் நானும் இன்னொரு குழு உறுப்பினரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து எழுதினோம். 19 பெயர் வந்தது. அந்த நோட்டு என் கடையில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து இந்தத் தெருக்களுக்கு யாராவது வந்து கதவைத் தட்டினார்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். இல்லை என்றார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்று விதி இருப்பது எனக்குத் தெரியும். நீங்கள் இணைக்கச் சொல்லும் பள்ளி அதற்குள்தான் இருக்கிறது. நல்ல பள்ளிதான், விளையாட இடமும் உண்டு. ஆனால் வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் அண்ணா சாலை ஒரு கோடுதான். தாள் ஒட்டிய வாரம் என் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் புத்தகப் பையோடு, காலை எட்டரைக்கு நடந்து பார்த்தேன். 27 நிமிடம் ஆனது. நடைபாதையில் பாதித் தூரம் பைக் நிற்கிறது, மீதியில் தோண்டிப் போட்டிருக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து நாங்கள் பாதி கடப்பதற்குள் வண்டிகள் உறுமத் தொடங்கிவிட்டன. என் மகள் என் கையை விடவே இல்லை. ஏழாவது போகிற பெண், வீட்டில் என் கையைப் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வீடுகளில் அந்தப் பேச்சு வரும். வயதுக்கு வரப்போகிறாள், அவ்வளவு தூரம் எதற்கு என்று. என் அம்மா மீன் கூடைக்காரி. என் வகுப்பில் ஐந்தாவதோடு நின்ற பெண்களை விரல்விட்டு எண்ண முடியாது. என்னை மட்டும் எட்டாவது வரை விட்டதற்கு அம்மா சொன்ன காரணம், மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டால் பள்ளியில் கேட்கும் என்பதுதான். எட்டாவது முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, ஒன்பதாவதுக்கு நானே அண்ணா சாலையைத் தாண்டினேன். அந்த மூன்று வருடம் பக்கத்தில் கிடைத்ததால்தான் இந்த மடலை என்னால் எழுத முடிகிறது.

நீங்கள் அந்த மூன்று வருடத்தைத்தான் எடுக்கிறீர்கள். தூரத்துக்குப் பயந்து பேட்டைக்குள் இருக்கும் சின்னத் தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்ப்பவர்கள் வருவார்கள், இப்போதே இரண்டு பேர் கட்டணம் விசாரித்துவிட்டார்கள். அப்படிச் சேர்த்தால் அந்தப் பெண்கள் வேறொன்றையும் இழக்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். நடுவில் மூன்று வருடம் தனியாரில் காசு கட்டிப் படித்தால் போச்சு. ஒரு கதவை மூடுவதால் இன்னும் எத்தனை கதவுகள் சேர்ந்து மூடுகின்றன என்று அந்தத் தாளைத் தயாரித்தவர் யோசித்தாரா?

பள்ளியில் பிள்ளைகள் குறைவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், இதே அண்ணா சாலையில் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள், பசியால் வரவில்லை என்று மன்றத்தில் பேசினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து மதிய உணவு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். இந்த மாநிலம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சத்துணவுக்கு விதை விழுந்தது அங்கேதான். எண்ணிக்கை குறைந்த ஒரு பள்ளியைப் பார்த்து, ஏன் குறைந்தது என்று கேட்டார்கள், அதற்குத் தகுந்ததைச் செய்தார்கள். உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

பள்ளி இருந்தால் பாடம் மட்டும் நடப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவம் ஏறி வந்தபோது என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று ராத்திரி அந்த வகுப்பறையில்தான் படுத்திருந்தேன். இந்தக் குறுகலான தெருக்களில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே பெரிய கூரை அது. மேல் வகுப்புகள் போனபின் அந்த அறைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் தாளில் இல்லை.

இனி நாங்கள் கேட்பவை.

இந்த இணைப்பை ஒரு கல்வியாண்டுக்கு நிறுத்தி வையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வகுப்பறையிலேயே உட்கார வேண்டும். அது பற்றிய ஆணை பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வர வேண்டும். கடைசி நாளில் வந்தால் அதற்குள் பலர் டிசி வாங்கிப் போயிருப்பார்கள்.

அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகளை எண்ணுங்கள். ஏட்டை வைத்து அல்ல, வீடு வீடாக. சிந்தாதிரிப்பேட்டையின் எல்லாத் தெருக்களிலும், மாடிப்படிக்குக் கீழும், கிடங்குக்குப் பின்னாலும் எண்ணுங்கள். இங்கிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு பிள்ளையும் இன்று எந்தப் பள்ளியில் இருக்கிறது, எத்தனை பேர் எங்குமே இல்லை என்று சரிபார்த்து வெளியிடுங்கள். கணக்கெடுப்பில் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் 19 பெயர் நோட்டைத் தருகிறேன். அந்த 19 பேரையும் டிசி, எமிஸ் என்று அலையவிடாமல் ஜூனிலேயே சேர்க்க உத்தரவிடுங்கள்.

தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகக் காலை ஆறரை மணிக்கு ஓர் அறையைத் திறந்து வையுங்கள், ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை கொடுங்கள். மாநிலம் முழுக்க இப்போது முடியாது என்றால் வீடு மாற்றப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தாவது தொடங்குங்கள். கணக்கு ஆசிரியர் இடத்தை நிரப்புங்கள். இனி எந்தக் குடியிருப்பை அகற்றுவதானாலும் கல்வியாண்டு முடிந்த பிறகே அகற்ற வேண்டும் என்று, அதைச் செய்யும் துறைக்கு நீங்கள் எழுதுங்கள். பிள்ளைகளுக்காகப் பேச வேண்டிய துறை உங்களுடையதுதான்.

அந்தக் கட்டடத்துக்கு வேறு திட்டம் ஏதாவது இருந்தால் அதை எழுத்தில் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவர் ஒரு வேலை நாள் காலையில் சிந்தாதிரிப்பேட்டைக்கு வர வேண்டும். பறக்கும் ரயில் ஸ்டேஷனில் ஆறு மணிக்கு முன்பே காத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு நடந்து வாருங்கள், மார்க்கெட்டில் அவர்கள் அம்மாவைப் பாருங்கள், பிறகு என் மகளோடு அண்ணா சாலையைக் கடந்து நீங்கள் சொல்லும் பள்ளி வரை போய் வரலாம். பத்து மணிக்குள் அலுவலகம் திரும்பிவிடலாம்.

பதிலைத் தலைமை ஆசிரியர் பெயருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மே 31ஆம் தேதிக்குள் வேண்டும். அந்தத் தாள் ஒட்டியிருந்த இரும்புக் கதவில் அதையும் ஒட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை